வெள்ளிமலைக்கு வந்த ரேம்

எங்கள் அப்பாவுக்குச் சாமியைத் தவிர யார் மேலும் நம்பிக்கை கிடையாது. சாமியையும் வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வார். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், கேஸ் சிலிண்டர் எடை குறைந்து வருகிறது, எதிர்வீட்டுக்காரர் எங்கள் கடைக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே வாசலில் நின்று அவ்வளவு நேரம் பல் துலக்குகிறார் என்பதெல்லாம் அவருடைய அன்றாடக் கண்டுபிடிப்புகள். அவற்றில் பாதி உண்மையாகவும் இருந்து தொலைத்தது. அதனால் மீதிப் பாதியையும் நாங்கள் நம்பினோம். அந்தக் குணம் எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் ஆன்லைனில் ஒரு செருப்பு வாங்கினால்கூட வீடியோ எடுத்துக்கொண்டேதான் பெட்டியைப் பிரிக்கிறேன்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் நைனார்பாளையம். அங்கே பங்காளிகள் நிலத்துக்குப் பக்கத்திலேயே மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தார். வரப்பு வருஷா வருஷம் தன் பக்கமாக நகர்ந்து வருவதாக அவருக்குச் சந்தேகம். கடைசியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, போட்டிக்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்தார். முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, பின்னால் வீடு. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே நடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான்.

நான் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம் அந்தக் கம்ப்யூட்டர் மந்தமாகிவிட்டது. போட்டோ சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டு அப்பா உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வருவார். அப்போதும் அது திறந்து முடித்திருக்காது. சுற்றுப்பட்ட மலை ஊர்களிலிருந்து ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள், திரும்புகிற ஜீப் போய்விடுமே என்று பாதி வேலையில் எழுந்து போனார்கள். இப்படியே போனால் எல்லாரும் கள்ளக்குறிச்சிக்கே இறங்கிவிடுவார்கள் என்று அம்மா கவலைப்பட்டாள். அப்பா வைரஸ் என்றார். அதையும் யாரோ வேண்டுமென்றே அனுப்பியிருப்பதாக நினைத்தார்.

அம்மாவின் தம்பி அப்போது கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. படித்துவிட்டுத் திருநாவலூரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தவருக்கு அமைந்த முதல் உருப்படியான வேலை. அதற்காக அம்மா ஏறி இறங்காத கோயில் இல்லை. அந்த வேலையை நம்பித்தான் சின்னசேலத்தில் ஒரு பெண்ணையும் பேசி, பூ வைக்கிற அளவுக்கு வந்திருந்தார்கள். எனக்கு அவர் மாமா. அவர் அப்பாவை மாமா என்பார். அப்பா அவரை மாப்ள என்பார். மாமா கையில் பளபளவென்று ஒரு வாட்ச் கட்டியிருப்பார், சட்டையில் சென்ட் அடித்திருப்பார். அப்பாவின் சந்தேகத்துக்கு இந்த இரண்டே போதுமானதாக இருந்தது.

காலாண்டு லீவில் ஒரு நாள் மாமா வந்து கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். “வைரஸ்லாம் ஒண்ணும் இல்ல மாமா. மெமரி கம்மி. இன்னொரு ரேம் போட்டா பறக்கும்” என்றார்.

“எங்க பறக்கும், உங்க கடைக்கா?” என்றார் அப்பா.

மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனாலும் கடை ஓட வேண்டுமே, சரி என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் மாமா ரேமோடு வந்து இறங்கினார். சீப்பு நீளத்தில் ஒரு பச்சை அட்டை, அதன் மேல் கறுப்புக் கறுப்பாகச் சில்லுகள், கீழ் ஓரத்தில் பொன்னிறத்தில் ஒரு வரி. இவ்வளவு சின்னப் பொருளா அவ்வளவு பெரிய பெட்டியை ஓட்டப் போகிறது என்று அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவன் கையையே பாத்துக்கினு இரு” என்று ரகசியமாகச் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் ஒருவரையும் நம்பாத மனிதர் என்னை நம்பி ஒரு வேலை கொடுத்திருக்கிறார் அல்லவா.

எங்கள் வீட்டுக்கு எந்தப் புதுப் பொருள் வந்தாலும் பொட்டு வைக்காமல் அதைத் தொட மாட்டோம். மிக்ஸிக்கு வைத்திருக்கிறோம், ஜெராக்ஸ் மெஷினுக்கு வைத்திருக்கிறோம், எனக்கு வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸுக்கும் வைத்தோம். மாமா மேசைக்குப் பின்னால் குனிந்து கேபிள்களைப் பிடுங்கி, பெட்டியின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா ரேமைத் தாம்பாளத்தில் வெற்றிலைமேல் கிடத்தினார். கறுப்புச் சில்லுகளில் பொட்டு எடுபடாது என்று, பொன்னிற வரி நெடுகச் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். நிலைப்படிக்கு வைத்தது போல லட்சணமாக இருந்தது. சாமி படத்துக்கும் ரேமுக்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார்.

“குடுங்க மாமா, சொருகிடலாம்” என்று மாமா பின்னாலிருந்து கை நீட்டினார்.

“நம்ம கடைப் பொருளுக்கு நம்ம கைதான் மொதல்ல படணும். எப்பிடின்னு சொல்லு, நான் போடறேன்.”

மாமா நிமிராமல் அங்கிருந்தபடியே வழி சொன்னார். பழைய ரேம் முதல் பள்ளத்தில் இருக்கும், புதுசை அதற்குப் பக்கத்துப் பள்ளத்தில் வைத்து, இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும் என்றார். அப்பா அழுத்தினார். டக்கென்று சத்தமும் வந்தது. கேபிள்களை மாட்டிப் பட்டனை அமுக்கியதும் பெட்டி பீப் என்று நீளமாகக் கத்தியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

மாமா கேபிள்களைப் பிடுங்கி மாட்டினார். யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பார்த்தார். பெட்டி விடாமல் கத்தியது. எதிர்வீட்டுக்காரர் வாய் நிறைய நுரையோடு எட்டிப் பார்த்தார். கடைசியில் மாமா சொல்ல, அப்பா போட்ட கையாலேயே புது ரேமை உருவினார். உடனே பெட்டி பழையபடி ஓடியது. முன்பு போலவே மந்தமாக ஓடியது என்றாலும் ஓடியது.

“அப்போ இது செத்த பொருளு” என்றார் அப்பா.

“எங்கனா ஒண்ணு அப்பிடி வர்றதுதான் மாமா. குடுங்க, மாத்திக் கொண்டாறேன்.”

அப்பா ரேமைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தானே கொண்டுவந்து மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். மாமா சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனதும் என்னிடம், “அவன்கிட்ட குடுத்தா இதையே வேற கவர்ல போட்டுக் கொண்டாந்துடுவான்” என்றார். அது எவ்வளவு சரியான யோசனை என்று நான் வியந்தேன்.

மலையில் ஆட்டுக்குக் காதில் வெட்டி அடையாளம் போடுவார்கள். மந்தையில் கலந்தாலும் யாருடையது என்று தெரியும். அப்பாவும் என் காம்பஸ் முள்ளை வாங்கி, ரேமில் ஒட்டியிருந்த வெள்ளை ஸ்டிக்கரின் மூலையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத மாதிரி ஒரு கீறல் போட்டார். அந்தக் கீறல் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அம்மாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று கட்டளை.

மறுநாள் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினோம். மலைப்பாதையில் பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் அப்பா சட்டைப் பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தவர் நெஞ்சு வலிக்கிறதா என்று விசாரித்தார்.

கடையில் மாமா எங்களைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து வந்தார். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் முதலாளி உட்கார்ந்திருந்தார். அப்பா மாமாவைத் தாண்டி நேரே அவரிடம் போய், பையிலிருந்து ரேமை எடுத்து நீட்டினார்.

“இத நீங்களே உங்க கையால போட்டுப் பாருங்க. எங்க மாப்ள தொட வேணாம்.”

கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். மாமா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். முதலாளி அப்பாவைப் பார்த்தார், பிறகு மாமாவைப் பார்த்தார். அப்பா சொல்லாத ஏதோ ஒன்றையும் அவர் காதில் வாங்கிக்கொண்டது போல இருந்தது. இழுப்பறையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பார்களே, சிவப்பும் நீலமுமாக இருக்கும் ரப்பர், அதை எடுத்து, பேசிக்கொண்டே சிவப்புப் பக்கத்தால் பொன்வரியை இப்படியும் அப்படியும் தேய்த்தார். வெற்றிலை போடுகிறவர்கள் காம்பைக் கிள்ளுகிற மாதிரி, பழக்கத்தில் செய்கிற வேலை. பிறகு தன் மேசையிலிருந்த பெட்டியில் அதைச் செருகிப் பட்டனைத் தட்டினார். ஒரே ஒரு சின்ன பீப், திரை பளிச்சென்று வந்தது.

“பொருளு நல்லாதாங்க கீது. உங்க வூட்டு கரண்ட்ட பாருங்க” என்றார்.

அப்பா ரேமைத் திரும்ப வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் ஸ்டிக்கரின் மூலையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். எங்கள் கீறல் இருந்தது, பொருள் மாறவில்லை. அப்பாவின் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. வாசல் வரை மாமா கூட வந்தார். “தேச்சுட்டு போட்டதுல வந்துடுச்சி மாமா, வூட்ல போட்டாலும் வரும்” என்று சொன்னவர், எனக்கு ஒரு பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அதை நான் குடிக்கலாமா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன்.

வெள்ளிமலைக்குத் திரும்பி அப்பா அதைப் பழைய ரேமுக்குப் பக்கத்துப் பள்ளத்தில் செருகினார். பெட்டி முன்பு போலவே நீளமாகக் கத்தியது.

அதன் பிறகு அப்பா சாப்பிடும்போதும் அதே யோசனையாக இருந்தார். அங்கே போனால் உயிர் வருகிறது, இங்கே வந்தால் சாகிறது. கரண்ட் என்றால் பழைய ரேம் மட்டும் எப்படி ஓடும்? எதிர்வீட்டுக்காரர் கண் என்று வைத்துக்கொண்டாலும், கண் பட்டது ஒன்றுக்கு மட்டுமா படும்? இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் தான் முதலிலேயே நினைத்து வைத்திருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார். ரிப்பேருக்கு வந்த ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய ரேமை, புதிது என்று மாமா கொண்டுவந்து தள்ளிவிட்டார். அது அந்தக் கடைப் பெட்டியில்தான் ஓடும், வேறெங்கும் ஓடாது. கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அப்போது அது கணக்குப் பாடத்தின் கடைசி வரி போலத் துல்லியமாக இருந்தது.

எங்கள் ஊரில் அப்போது பள்ளிக்கூட மேட்டில் ஏறி நின்றால்தான் போனில் பேச முடியும். அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய் முதலாளிக்குப் போன் போட்டார். காற்று அடித்ததால் கத்திப் பேசினார்.

“உங்க கடைச் சரக்க ஒருவாட்டி சரி பாத்துக்குங்க. கூடப் பொறந்த அக்கா வூட்டுக்கே பழச கொண்டாந்து தள்றவன், உங்க கடையில இன்னா பண்ணிக்கினு இருக்கானோ.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தானே இதை வெற்றி போலச் சொன்னார். அம்மா மாவுக் கையோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவன் பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களே” என்றாள். இரண்டு நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம், டம்ளர் வைக்கும் சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் மாமா பையும் கையுமாக வந்தார். வாட்ச் இருந்தது, சென்ட் இல்லை. அப்பா கடையில் இருந்ததால் பின்வாசல் வழியாக வந்து அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். “ஸ்டாக் பாத்து முடிக்கிற வரைக்கும் வர வேணாம்னு சொல்லிட்டாருக்கா. பொண்ணு வூட்டுக்கு விஷயம் போயி, அவங்க ஆளு கடையில வந்து விசாரிச்சுட்டுப் போயிருக்காங்க.” அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அழுவாத. மெஷின நானே ஒருவாட்டி பாத்துடறேன். ரேம்ல தப்பு இல்லன்னு தெரிஞ்சிட்டா மாமா ஒரு வார்த்த சொல்லிடுவாரு. அவர் சொன்னா ஓனர் கேப்பாரு” என்றார்.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். தடயத்தை அழிக்க வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் கையைப் பார்க்கத் தயாரானேன்.

மாமா கடைக்குள் வந்து, “மாமா, ஒருவாட்டி பாத்துடறேன்” என்றார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். இந்த முறை மாமா அவசரப்படவில்லை. இரண்டு ரேமையும் உருவிவிட்டு, புது ரேமை மட்டும் எடுத்து, பழையது இருந்த முதல் பள்ளத்தில் போட்டார். பெட்டி ஓடியது. அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். பிறகு மாமா பழைய ரேமை, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த அதே பழைய ரேமை, இரண்டாம் பள்ளத்தில் போட்டார். பெட்டி நீளமாகக் கத்தியது.

“ரேம் ரெண்டுமே நல்லாதான் மாமா கீது. இந்தப் பள்ளத்துலதான் ஏதோ இருக்குது” என்றார் மாமா. அவர் குரலில் எவ்வளவோ நாளுக்குப் பிறகு மூச்சு வந்தது போல இருந்தது.

அப்பா விடவில்லை. பெட்டியைச் சின்னசேலத்திலிருந்து வாங்கிக் கொடுத்த தன் நண்பன் மேல் அங்கேயே அப்போதே சந்தேகப்பட ஆரம்பித்தார். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் என்னை டார்ச் பிடிக்கச் சொன்னார். நான் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம், நடுவில் மாமா, மூன்று தலையும் பெட்டிக்குள் குனிந்தன. அம்மா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளத்துக்குள் மெல்லிய கம்பிகள் பல் போல வரிசையாக இருந்தன. அங்கங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஏதோ காய்ந்து இறுகிப்போய் அடைத்துக்கொண்டிருந்தது. மாமா பையிலிருந்து ஒரு பழைய பல் பிரஷ்ஷையும் ஸ்பிரிட் பாட்டிலையும் எடுத்து, நனைத்து, பள்ளத்தில் மெல்லத் தேய்த்து, பிரஷ்ஷை வெளியே எடுத்தார்.

பிரஷ் நுனி சிவப்பாக இருந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு மேல் சந்தன வாசனை வந்தது.

மாமா பிரஷ்ஷைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அதில் அன்றைக்குப் பார்க்கும்படி ஒன்றும் இல்லை. கடைக்கு வெளியே ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

“தூசி மாமா. மல ஈரத்துக்கு அப்பிடியே இறுகிக்கினு கீது” என்றார் மாமா.

“தூசிதான்” என்றார் அப்பா.

“குங்குமம் மாதிரி இருக்குப்பா” என்றேன் நான்.

“நீ வாய மூடிக்கினு டார்ச்ச நேரா புடி” என்றாள் அம்மா. அம்மா என்னிடம் அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணுக்கு நேரே சிவப்பாக இருப்பதைப் பெரியவர்கள் மூன்று பேரும் சேர்ந்து தூசி என்று சொன்னது எனக்குப் பெரிய மர்மமாக இருந்தது. மூவருக்குள்ளும் ஏதோ உடன்பாடு என்று சந்தேகப்பட்டேன்.

பள்ளம் சுத்தமானதும் இரண்டு ரேமும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பெட்டி சின்னதாக ஒரு பீப் சொல்லிவிட்டு ஓடியது. போட்டோ சாஃப்ட்வேர் கண்ணிமைக்கிற நேரத்தில் திறந்துகொண்டது. வெளியே காத்திருந்தவர்களின் வேலையெல்லாம் ஜீப் கிளம்புவதற்கு முன்னால் முடிந்தது.

சாயங்காலம் மாமா கேட்டார். “ஓனருக்கு ஒரு போன் போட்டு, ரேம் நல்லாதான் இருக்குதுன்னு சொல்லிடறீங்களா மாமா?”

“சொல்றேன், சொல்றேன். அது இன்னா பெரிய விஷயம்” என்றார் அப்பா.

நானும் அவரோடு மேட்டுக்குப் போனேன். அன்றைக்குக் காற்று இல்லை. அப்பா போனை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு காதில் வைத்து ஹலோ ஹலோ என்றார். நான் எதையும் சும்மா பார்க்கிற பிள்ளை இல்லையே. போன் திரையில் நம்பர் எதுவும் இல்லை, மணி மட்டும்தான் இருந்தது. முதலாளி ஏன் எப்படி என்று கேட்பார், அதற்கு அப்பா என்ன பதில் சொல்ல முடியும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அப்பா மாமாவை இன்னும் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, “போட்டேன் மாப்ள. ஓனர் வெளியூர் போயிருக்காராம்” என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் அப்பா சொல்லிக்கொடுத்தபடி அவர் கையைப் பார்த்தேன்.

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாள் மாமா தானே கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். புகார் சொன்னவர் வாயால் சொல்லட்டும் என்று முதலாளி அனுப்பிவிட்டாராம். சின்னசேலத்திலிருந்தும் பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. அம்மா அப்பாவிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்பாவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது, கோபப்பட்டுச் சமாளித்திருப்பார்.

ஒரு வாரம் போயிருக்கும். அப்பா மாமாவைக் கூப்பிட்டுக் கடை நாற்காலியில் உட்கார வைத்தார். “எதுக்கு இன்னொருத்தன் கடையில போயி நிக்கணும்? இங்கியே இருந்துடு மாப்ள. கடைய நீயே பாத்துக்க” என்று கல்லாச் சாவியை மேசைமேல் வைத்தார். எனக்குத் தெரிந்து அந்தச் சாவியை அம்மா கையில்கூட அவர் கொடுத்தது கிடையாது. மாமா சாவியைப் பார்த்து, “சரிங்க மாமா” என்றார்.

ஊரில் எல்லாரும் அப்பாவைப் புகழ்ந்தார்கள். வேலை போன மைத்துனனைக் கைவிடாத மனுஷன் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு மட்டும்தான் உண்மை தெரியும் என்று நான் இருந்தேன். ஏமாற்றுக்காரனைக் கண்ணுக்கு முன்னாலேயே வைத்துக்கொள்வதற்காக அப்பா போட்ட திட்டம் அது, அவரைப் போலப் புத்திசாலி கல்வராயன் மலையிலேயே கிடையாது என்று உள்ளுக்குள் பூரித்துக்கொண்டேன்.

மாமா பிற்பாடு சேலத்தில் தனிக்கடை வைக்கும் வரை எங்கள் கடையில்தான் இருந்தார். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை. அப்பா கடைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். தங்குவதற்கு மட்டும் பஸ் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு அறை பார்த்துக்கொண்டார். மத்தியானம் அம்மா திரையை விலக்கி, “வாடா, வந்து சாப்டு” என்பாள். மாமா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “சாப்ட்டங்கா” என்பார். எப்போது, எங்கே சாப்பிட்டார் என்று நான் வேவு பார்த்ததில், அவர் மேசைக்கு அடியில் மெஸ்ஸில் வாங்கிய பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. எங்கள் வீட்டுக் குழம்பு அவருக்குப் பிடிக்கவில்லை போல என்று எழுதிக்கொள்ளாத குறையாக மனதில் குறித்துக்கொண்டேன்.

அம்மா மேலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. நாங்கள் மூன்று பேர்தான் சாப்பிடுவோம். ஆனால் அவள் தினமும் ஒரு ஆளுக்குச் சேர்த்து உலை வைத்தாள். மத்தியானம் மீந்த சோற்றை அப்பா பார்ப்பார், சீக்கிரம் கை கழுவிக்கொள்வார். சாயங்காலம் அம்மா அதில் தண்ணீர் ஊற்றி வைப்பாள். மறுநாள் அரிசி களையும்போது மறுபடியும் அதே அளவு போடுவாள். இத்தனை வருஷம் சமைத்தும் அம்மாவுக்கு அளவு பிடிபடவில்லையே என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.